ஆற்றுக்கு முறை உண்டு, கிணற்றுக்கு இல்லை

வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ நாட்டில், சகாரா பாலைவனத்தின் விளிம்பில் இரிக்கி என்றொரு ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 50 ஆண்டுகளாக அது பெயருக்குத்தான் ஏரி. வெடித்த களிமண் தரையும் சுற்றிலும் மணல்மேடுகளும்தான் அங்கே மிச்சம். 2024 செப்டம்பரில் அந்த வட்டாரத்தில் யாரும் எதிர்பாராத பெருமழை பெய்தது. தாகுனித் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அங்கே ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையே அதைவிடக் குறைவு. வெள்ளத்தில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. இரிக்கியில் தண்ணீர் நின்றது. பாலைவனத்தில் ஏரி நிரம்பிய படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன.

பாசனம் செய்கிற உங்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் வேறொரு கேள்வி எழும். 50 ஆண்டுகளாக அந்த ஏரிக்கு ஏன் தண்ணீர் போகவில்லை? பதில் உங்களுக்குப் பழக்கமானதுதான். இரிக்கி, திரா என்ற ஆற்றின் கடைமடை. மேலே அணை கட்டினார்கள், வழியெல்லாம் கிணறு வெட்டினார்கள், கடைமடை காய்ந்தது.

ஆனால் திரா ஆற்றின் கதை இத்தனை சுருக்கமானது அல்ல. வாய்க்கால் தண்ணீரைப் பல நூற்றாண்டுகளாக நிமிடக் கணக்கில் பங்கிட்டுக்கொண்ட மக்கள் அவர்கள். சண்டை வராமல் இருக்க ஒவ்வொரு மடைக்கும் விதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடமும் தண்ணீர் எப்படிக் கைநழுவிப் போனது என்பதைத் தெரிந்துகொள்வது, கிணற்றை நம்பி விவசாயம் செய்யும் எவருக்கும் பயன்படும்.

மலையில் பனி, கீழே பாலை

திரா, மொராக்கோவின் மிக நீளமான ஆறு. நீளம் சுமார் 1,100 கிலோமீட்டர். உயர் அட்லஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவுகளில் பெய்யும் மழையும், குளிர்காலத்தில் விழுந்து வசந்தத்தில் உருகும் பனியும்தான் அதன் முதல். அந்தத் தொடரில் எம்கூன் சிகரம் 4,071 மீட்டர் உயரம். அங்கிருந்து வரும் தாதெஸ் ஆறும், மேற்கிலிருந்து வரும் வர்ஸாஸாத் ஆறும் வர்ஸாஸாத் நகரின் அருகே சேர்கின்றன. அந்த இடத்திலிருந்துதான் ஆற்றுக்குத் திரா என்று பெயர்.

மலையின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழும். வர்ஸாஸாத்தில் அது 100 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் பெரிது. இன்னும் தெற்கே ஸகோரா நகரில் 60 அல்லது 70 மில்லிமீட்டர்தான். ஆனால் வெயிலும் காற்றும் ஆண்டுக்கு 2 மீட்டர் உயரத்துக்கும் மேற்பட்ட தண்ணீரை ஆவியாக்கக்கூடியவை. ஆகவே பள்ளத்தாக்கில் விளையும் ஒவ்வொரு கதிரும் மலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீரில் விளைந்தது. வானம் பார்த்த சாகுபடிக்கு அங்கே இடமே இல்லை.

வர்ஸாஸாத்தைத் தாண்டியதும் ஆறு ஒரு மலைப்பிளவுக்குள் நுழைந்து அக்துஸ் என்ற ஊரருகே வெளிப்படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் ஆற்றின் இரு கரையிலும் பேரீச்சைத் தோப்புகள். ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கத்து மொட்டைப் பாறை தெரியும் அளவுக்குக் குறுகலான பச்சை நாடா. எம்ஹமீத் என்ற ஊரோடு அந்தப் பச்சை முடிகிறது. அதற்கப்பால் ஆறு மேற்கே திரும்பி அட்லாண்டிக் கடலை நோக்கிச் செல்கிறது. செல்கிறது என்பது வரைபடத்தின் கணக்கு. பெரும்பாலான காலம் அது வெறும் மணல் தடம்தான். அப்படித் திரும்பும் வழியில்தான் இரிக்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் எஞ்சிய தண்ணீர் அங்கே போய்த் தேங்கும்.

ஒரே தண்ணீர், பல தடவை

இந்த 200 கிலோமீட்டரில் 6 பெரிய சோலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வடக்கிலிருந்து தெற்காக மெஸ்கீத்தா, தின்ஸூலின், தெர்னாத்தா, ஃபெஸுவாத்தா, க்தாவா, எம்ஹமீத். ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே பாறைத் தொடர் குறுக்கிட்டு, பள்ளத்தாக்கு கழுத்துபோல் சுருங்கும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் திரா ஆற்றின் நீரியல் முழுவதும் புரிந்துவிடும்.

சோலை இருக்கும் அகன்ற பகுதியில் ஆற்றுப்படுகை மணலும் கூழாங்கல்லும் வண்டலும் நிறைந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரு பகுதி கீழே இறங்கி நிலத்தடியில் சேரும். வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரிலும் வேர் குடித்தது போக மிச்சம் கீழே இறங்கும். அந்த நிலத்தடி நீர் மெதுவாகத் தெற்கு நோக்கி நகரும். பாறைக் கழுத்தை அடைந்ததும் போக வழியில்லாமல் மேலே எழும்பி மறுபடியும் ஆற்றில் கசியும். அந்தக் கசிவுதான் அடுத்த சோலைக்கு வரவு.

ஒரு தொட்டி நிரம்பி வழிந்து அடுத்த தொட்டிக்குப் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்கீத்தாவில் பாய்ச்சிய தண்ணீரின் மிச்சம் தின்ஸூலினில் பாயும். அதன் மிச்சம் தெர்னாத்தாவில் பாயும். ஒரே தண்ணீரைப் பல ஊர்கள் பல தடவை பயன்படுத்தின. ஆற்று நீர் வேறு, கிணற்று நீர் வேறு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. மேலே ஓடினால் ஆறு, கீழே இறங்கினால் கிணறு. கணக்கு ஒன்றுதான்.

மூன்றடுக்குச் சாகுபடி

இவ்வளவு கடும் வெயிலில் அவர்கள் என்ன பயிர் செய்தார்கள்? மேலடுக்கில் பேரீச்சை. அதன் நிழலில் மாதுளை, அத்தி, பாதாம், சர்க்கரை பாதாமி போன்ற பழமரங்கள். தரையில் பார்லி, கோதுமை, குதிரைமசால், மருதாணி, காய்கறிகள். பேரீச்சை ஓலை வெயிலை மறைப்பதால் கீழே வெப்பம் தணியும், காற்றின் வேகம் குறையும், மண் சீக்கிரம் காயாது. பாத்திக்குப் பாய்ச்சிய ஒரே தண்ணீரில் மூன்று அடுக்கும் பிழைக்கும். குதிரைமசாலை அறுத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டு, அந்த எருவை மறுபடியும் பாத்திக்கே கொண்டுவந்தார்கள்.

அங்கே வீடு கட்டிய இடத்தையும் கவனிக்க வேண்டும். மண் சுவர்களால் ஆன கோட்டை போன்ற பழைய ஊர்கள் பெரும்பாலும் தோப்பின் ஓரத்தில், தண்ணீர் ஏறாத கல்லாந்தரையில் இருக்கின்றன. பாசனம் பாயும் நிலத்தில் வீடு கட்டி வீணாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இந்த மூன்றடுக்கில் மேலடுக்கு போனால் மற்ற இரண்டும் வெயிலில் நிற்கும். அப்படியொரு சோதனையும் வந்தது. பயூத் என்ற வாடல் நோய் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரா பள்ளத்தாக்கில்தான் முதலில் அறியப்பட்டது. ஃபியுசேரியம் என்ற மண்வழிப் பூஞ்சணம் அதற்குக் காரணம். வேரோடு வேர் தொட்டாலும், நோயுற்ற பக்கக்கன்றை நட்டாலும் பரவும். ஒரு நூற்றாண்டில் மொராக்கோவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடி பேரீச்சை மரங்கள் இதற்குப் பலியானதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து தெளித்துத் தீர்க்க முடியாத நோய். எதிர்ப்புத் திறனுள்ள மரங்களைத் தேடிப் பிடித்து, திசுவளர்ப்பில் பெருக்கி, நஜ்தா என்ற பெயரில் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம் இன்று தோப்புகளில் நடப்படுகிறது.

மடைக்கு மடை விதி

ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை அங்கே ஸெகியா என்பார்கள். ஆற்றின் குறுக்கே கல்லும் மண்ணும் தழையும் போட்டுத் தற்காலிகக் கொரம்பு கட்டித் தண்ணீரைத் திருப்புவார்கள். வெள்ளம் அதை அடித்துப்போனால் மறுபடியும் கட்ட வேண்டும். தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு ஆள் வேலைக்கு வர வேண்டும். வாய்க்கால் தூர்வாருவதற்கும் அதே கணக்கு.

பங்கீட்டில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று அல்லாம். இதில் தண்ணீர் நிலத்தோடு சேர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வரிசைப்படி ஒவ்வொரு வயலாகப் பாய்ந்துகொண்டே போகும். நிலத்தை விற்றால் தண்ணீரும் கூடவே போய்விடும். இன்னொன்று மெல்க். இதில் தண்ணீர் தனிச் சொத்து. இத்தனை நாளுக்கு ஒருமுறை இத்தனை மணி நேரம் என்று ஒரு குடும்பத்துக்கு முறை இருக்கும். அந்த முறையை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பாகப்பிரிவினையில் பிரிக்கலாம். நிலம் நிறைய இருந்தும் தண்ணீர் முறை இல்லாதவர் அங்கே ஏழைதான்.

கடிகாரம் இல்லாத காலத்தில் நேரத்தை நிழலை வைத்தும், இரவில் நட்சத்திரங்களை வைத்தும் பார்த்தார்கள். மொராக்கோவின் சோலைகளில் அடியில் சிறு துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஓர் அளவாக வைத்ததும் உண்டு. நம் நாழிகை வட்டிலேதான். முறை மாறாமல் பார்த்துக்கொள்ள, ஊரார் தேர்ந்தெடுத்த நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார்.

இதில் நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. நிலமும் முறையும் இல்லாதவர்கள் அடுத்தவர் தோப்பில் உழைத்து விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கூலியாகப் பெற்றார்கள். தலைமடைச் சோலைக்கும் கடைமடைச் சோலைக்கும் தகராறுகள் நடந்தன. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. ஆற்றில் வரும் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடிந்தது. யார் மடை திறந்திருக்கிறது என்று தெரிந்தது. அதனால் விதி வைக்க முடிந்தது, மீறியவரைக் கேட்கவும் முடிந்தது.

1972-ல் வந்த அணை

தாதெஸும் வர்ஸாஸாத் ஆறும் சேரும் இடத்துக்குக் கீழே, மலைப்பிளவின் வாயில், 1972-ல் மன்சூர் எத்தஹபி அணை கட்டி முடிக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் மொராக்கோவை ஆண்ட சுல்தானின் பெயர் அது. அவருடைய வம்சம் திரா பள்ளத்தாக்கிலிருந்து எழுந்தது. ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பின் தண்ணீர் அந்த அணைக்கு வருகிறது. கட்டும்போது கொள்ளளவு ஏறத்தாழ 56 கோடி கன மீட்டர். நம் கணக்கில் சுமார் 20 டி.எம்.சி.

திட்டம் நல்ல நோக்கத்தில் போட்டதுதான். வெள்ளத்தைத் தடுக்க வேண்டும், வறண்ட மாதங்களிலும் தண்ணீர் தர வேண்டும், கொஞ்சம் மின்சாரமும் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 25 கோடி கன மீட்டர் திறந்துவிட்டு, 6 சோலைகளிலும் சேர்த்து 26,000 ஹெக்டேருக்குப் பாசனம் தருவதாக ஏற்பாடு. கொரம்புகளுக்குப் பதிலாக ஆற்றின் குறுக்கே 5 நிரந்தரத் தடுப்பணைகளும், அவற்றிலிருந்து சிமெண்ட் வாய்க்கால்களும் கட்டப்பட்டன. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 26,000 ஹெக்டேர் என்றால் 64,000 ஏக்கருக்கு மேல். வழியில் ஒரு சொட்டும் இழப்பில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு ஏறத்தாழ 38 அங்குலத் தண்ணீர். 80 அங்குலம் ஆவியாக்கும் வெயிலில் அது தாராளம் இல்லை. ஆனால் பேரீச்சையும் பார்லியும் பிழைக்கும்.

தண்ணீர் ஆண்டு முழுக்க ஓடாது. குறிப்பிட்ட சில தடவைகள் அணையைத் திறப்பார்கள். நல்ல ஆண்டில் பல திறப்புகள், வறண்ட ஆண்டில் ஒன்றிரண்டு, மிக மோசமான ஆண்டில் ஒன்றுமே இல்லை. 1980-களில் வறட்சி வந்தது. 2000-ஐ ஒட்டியும் வந்தது. 2018-க்குப் பிறகு அடுத்தடுத்து ஆறேழு ஆண்டுகள் வறட்சி நீடித்தது. திட்டத்தில் எழுதிய 25 கோடி கன மீட்டரை வறட்சி ஆண்டுகளில் எட்டவே முடியவில்லை.

அணையின் வயிற்றிலும் பிரச்சினை. அந்த மலைச்சரிவுகளில் மரம் செடி குறைவு. மழை பெய்தால் மண்ணோடு இறங்கும். 1990-களின் இறுதிக்குள் கொள்ளளவு ஏறத்தாழ 44 கோடி கன மீட்டராகச் சுருங்கிவிட்டது. 25 ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டல் பிடித்துக்கொண்டது. முன்பு அந்த வண்டல் தோப்புகளுக்கு வந்து உரமானது.

வெள்ளம் செய்த வேறு இரண்டு வேலைகளும் நின்றுபோயின. பெருவெள்ளம் ஆற்றுப்படுகையை நனைத்து நிலத்தடித் தொட்டிகளை நிரப்பியது. வயல்களில் சேர்ந்த உப்பையும் கழுவி இறக்கியது. வெள்ளத்தால் வந்த சேதம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் கிடைத்த நன்மை, வெள்ளம் நின்ற பிறகுதான் தெரிந்தது. இரிக்கி காய்ந்ததும் அப்போதுதான்.

பங்கில்லாத கிணறுகள்

பள்ளத்தாக்கில் கிணறு புதிதல்ல. நம் கமலை போல விலங்கைப் பூட்டித் தோல்வாளியில் இறைக்கும் கிணறுகள் முன்பே இருந்தன. ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் சில பாத்திகள்தான் பாயும். நிலத்தடித் தொட்டிக்கு அது பெரிய செலவில்லை.

வறட்சி வந்து அணையைத் திறக்காத ஆண்டுகளில் டீசல் மோட்டார் வந்தது. நகரத்துக்கும் ஐரோப்பாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பல குடும்பங்கள் மோட்டார் வாங்கின. வாய்க்காலில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீர்பாய்ச்சியிடம் கேட்க வேண்டியதில்லை. முறை இல்லாதவர்கூடத் தன் நிலத்தில் கிணறு வெட்டிப் பாய்ச்சலாம். அவர்களுக்கு அது விடுதலைதான். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கிணற்றுக்கு மெல்க்கும் இல்லை, அல்லாமும் இல்லை. வாய்க்காலில் அரை மணி நேரம் கூடுதலாகப் பாய்ச்சினால் ஊர் கூடிக் கேட்ட இடத்தில், கிணற்றில் இரவு பகலாக இறைத்தாலும் கேட்க ஆளில்லை. டீசல் விலை ஓரளவுக்குக் கையைக் கட்டியது. பிறகு சோலார் மோட்டார் மலிவானது. பகல் முழுக்க ஓடினாலும் செலவில்லை என்றால் நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. மொராக்கோவின் சட்டப்படி தண்ணீர் பொதுச்சொத்து. 2016-ல் வந்த தண்ணீர்ச் சட்டமும் கிணறு வெட்ட ஆற்றுப்படுகை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் அனுமதி வாங்காத கிணறுகள் ஏராளம்.

ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் தொட்டிகளை இப்போது நினைத்துப் பாருங்கள். மேல் தொட்டி நிரம்பினால்தான் கீழ்த் தொட்டிக்கு வழியும். மேலே நிலத்தடி மட்டம் இறங்கிவிட்டால் பாறைக் கழுத்தில் கசிவு நின்றுவிடும். அதோடு முடியவில்லை. அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விட்டாலும், வறண்டு கிடக்கும் படுகை மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். வாய்க்கால் முறையை எழுத்துக்கு எழுத்து நேர்மையாக நடத்தினாலும் எம்ஹமீதுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. கடைமடைப் பங்கை யாரும் மடையைத் திறந்து திருடவில்லை. அது நிலத்தடி வழியே காணாமல் போயிற்று. ஆற்றுக்கு மட்டும் முறை வைத்து, அதே தண்ணீரான கிணற்றுக்கு முறை வைக்காமல் விட்டதன் விளைவு இது.

உப்பின் கணக்கு

ஒரே தண்ணீரைப் பல தடவை பயன்படுத்துவதில் ஒரு விலை உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சோலைக்குச் சோலை உப்பு ஏறிக்கொண்டே போகும். எம்ஹமீத் பக்கம் லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் உப்புள்ள கிணறுகள் உண்டு.

லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீரை ஓர் ஏக்கருக்கு ஆண்டில் 20 அங்குலம் பாய்ச்சினால், அந்த வயலில் ஏறத்தாழ 2 டன் உப்பைக் கொட்டுகிறீர்கள். 5 கிராம் என்றால் 10 டன். அதைக் கழுவி இறக்கக் கூடுதல் தண்ணீரும் வடிகாலும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உப்பு வேர்ப்பகுதியிலேயே தங்கும்.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பொதுவான அளவுகள் உண்டு. வேர்ப்பகுதி மண்சாற்றின் மின்கடத்துத்திறன் 8 டெசிசீமன்ஸ் வரை பார்லி மகசூல் குறையாமல் தாங்கும். கோதுமைக்கு 6, பேரீச்சைக்கு 4, குதிரைமசாலுக்கு 2. பாதாமும் சர்க்கரை பாதாமியும் 1.5-ஐத் தாண்டினாலே துவளும். பேரீச்சை மகசூல் குறைந்தாலும் நீண்ட நாள் உயிரோடு நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள தண்ணீரின் அளவே ஏறத்தாழ 8 டெசிசீமன்ஸ். அந்தத் தண்ணீர் வயலில் ஆவியாகும்போது மண்சாற்றில் இன்னும் கூடும். அதனால்தான் பள்ளத்தாக்கில் தெற்கே போகப்போகப் பழமரங்கள் குறைந்து, பிறகு காய்கறி மறைந்து, கடைசியில் பேரீச்சை மட்டும் நிற்கிறது. பேரீச்சையும் பட்டுப்போன இடத்தில் மணல் நகர்ந்து வருகிறது. எம்ஹமீத், தாகுனித் பக்கத்தில் காய்ந்த ஓலைகளைக் கட்டம் கட்டமாக நட்டு மணலைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தர்பூசணி கொண்டுவந்த பணமும் தாகமும்

ஸகோராவுக்குப் பக்கத்தில் ஃபைஜா என்றொரு சமவெளி. பழைய தோப்புகளுக்கு வெளியே உள்ள நிலம். 2000-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே தர்பூசணி பரவியது. குளிர்காலத்தில் நட்டால் ஐரோப்பாவில் வேறெங்கும் பழம் இல்லாத வசந்த காலத்தில் அறுவடை. நல்ல விலை. 2008-ல் தொடங்கிய 'பசுமை மொராக்கோ' திட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 80 முதல் 100 சதவீதம் வரை மானியம் கிடைத்தது. வெளியூர் முதலீட்டாளர்கள் வந்து நிலம் பிடித்தார்கள், ஆழமாகத் துளையிட்டார்கள்.

சொட்டுநீரால் செடிக்குச் செடி தண்ணீர் மிச்சமானது உண்மை. ஆனால் மிச்சமான தண்ணீர் பூமிக்குள் தங்கவில்லை. அதை வைத்துப் புதிய நிலத்தில் தர்பூசணி போட்டார்கள். ஏக்கருக்கு ஆகும் செலவு குறைந்தது, ஏக்கர் எண்ணிக்கை கூடியது, மொத்த இறைப்பு ஏறியது. வாய்க்கால் பாசனத்தில் பாத்தியிலிருந்து கீழே இறங்கி நிலத்தடியை நிரப்பிய தண்ணீரும் சொட்டுநீரில் கிடையாது.

ஸகோரா நகருக்குக் குடிநீர் வந்ததும் அதே ஃபைஜா நிலத்தடியிலிருந்துதான். 2017-ல் நகரில் குழாய்கள் பல நாள் வறண்டன. வந்த தண்ணீரும் உப்புக் கரித்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மக்கள் காலிக் குடங்களோடு தெருவில் இறங்கினார்கள். பத்திரிகைகள் அதைத் 'தாகப் போராட்டம்' என்றே எழுதின. பலர் கைதானார்கள். பழத்துக்குள் அடைத்துத் தண்ணீரை ஏற்றுமதி செய்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஊரார் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே.

2022-ல் பக்கத்து மாகாணமான தாதாவில் தர்பூசணிச் சாகுபடியைத் தடை செய்தார்கள். ஸகோராவில் பரப்பளவுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். புதிய தர்பூசணித் தோட்டங்களுக்குச் சொட்டுநீர் மானியத்தையும் அரசு நிறுத்தியது. அந்த ஆண்டு தர்பூசணியை நம்பிக் கடன் வாங்கிய சிறு விவசாயிக்கு அது பேரிடி. விதி இல்லாமல் இருந்து ஒரே நாளில் விதி வந்தால் அடி விழுவது கடைசியில் நிற்பவருக்குத்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

திரா பள்ளத்தாக்கு இன்னும் செத்துவிடவில்லை. 2024 மழைக்குப் பிறகு படுகை நனைந்தது. ஆனால் ஒரு மழை பல ஆண்டு இறைப்பை ஈடுகட்டாது. அங்கே நடந்ததிலிருந்து கிணற்றுப் பாசன விவசாயிகளும் களப்பணியாளர்களும் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில.

முதலாவது, கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மோட்டார் ஓடுவதற்கு முன் காலையில் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு விதி வைக்க முடியாது. அளந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு ஊரில் பத்துக் கிணறுகளின் நோட்டு இருந்தால், ஊர்க்கூட்டத்தில் பேச ஆதாரம் இருக்கும்.

இரண்டாவது, மழைக்கு முன்பும் பின்பும் தண்ணீரின் உப்பளவைப் பரிசோதியுங்கள். மட்டம் இறங்குவதற்குச் சமமான எச்சரிக்கை உப்பு ஏறுவது. பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது சந்தை விலையோடு இந்த எண்ணையும் பாருங்கள்.

மூன்றாவது, சொட்டுநீர் அமைப்பவர்கள் மிச்சமாகும் தண்ணீர் எங்கே போகப்போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பரப்பைக் கூட்டினால் அது சேமிப்பு ஆகாது. களப்பணியாளர்கள் மானியக் கோப்பில் ஏக்கர் கணக்கோடு இறைப்பு நேரத்தையும் கேட்டால் நல்லது.

நான்காவது, ஓடையும் ஆறும் நனைக்கும் மணல்தான் கிணற்றின் வங்கிக் கணக்கு. அங்கே வெள்ளம் தங்கி இறங்க வழி விட வேண்டும்.

திரா விவசாயிகளின் முன்னோர் செம்புக் கிண்ணம் மூழ்கும் நேரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்தார்கள். அவர்களிடம் கருவிகள் குறைவு, ஒப்புக்கொண்ட முறை இருந்தது. இன்று நீர்மட்டக் கருவியும் செயற்கைக்கோளும் சோலார் மோட்டாரும் இருக்கின்றன. யார் எவ்வளவு நேரம் இறைப்பது என்ற பேச்சை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே தொடங்க வேண்டிய பேச்சு அது. வற்றிய பிறகு பங்கு போட ஒன்றும் இருக்காது.